பாண்டிக்கும் செல்விக்கும் நடுவே ஓர் இடைவெளி

போன செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரி படகுத்துறைக்குப் பக்கத்தில், பஜார் ரோட்டின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு லாரி நின்றது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஓர் ஆளைப் பார்த்து, பின்னால் வந்த வண்டிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எடா பாண்டி, மாறி நில்லெடா" என்றார். அந்த ஆள் மூட்டையோடு மாறி நின்றார். நான் திரும்பிப் பார்த்தேன். வாரத்துக்கு நாலு தடவையாவது இப்படித் திரும்பிப் பார்க்கிறேன். பதினேழு வருடமாகக் கழுத்து பழகவில்லை. ஏனென்றால் பாண்டி என்பது அந்த ஆளின் பெயராக இல்லாமல் இருக்கலாம். என்னுடைய பெயர் அதுதான்.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது விளங்காது, சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழர்களுக்குப் பாண்டி என்று பேர் வைத்திருக்கிறார்கள். பாண்டி நாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் எந்தக் காலத்திலோ தொடங்கியிருக்கும். இப்போது அதில் நாடும் இல்லை, ராஜாவும் இல்லை. அழுக்கு, பொருந்தாத கலரில் சட்டை, சத்தமான பேச்சு, இதெல்லாம்தான் அந்தச் சொல்லில் இருக்கிறது. நம் ஊர் லாரி பாண்டிலோறி. நம் பக்கத்து ஆள் கூலிக்கு வந்தாலும், கார் வாங்கி வந்தாலும் பாண்டி. எல்லா மலையாளிகளும் அப்படிச் சொல்வதில்லை. அது கெட்ட வார்த்தை, சொல்லக்கூடாது என்று பிள்ளைகளை அதட்டுகிற நல்லவர்களும் நிறைய இருக்கிறார்கள். என் பெயர் கெட்டது அந்த நல்லவர்களில் ஒருவரால்தான்.

எனக்கு அம்மா வைத்த பெயர் பாண்டிச்செல்வி. எனக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் உன் பேரை வைக்கிறேன் என்று மதுரைப் பாண்டி முனீஸ்வரரிடம் அம்மா நேர்ந்துகொண்டார். நான் தங்கினேன். உசிலம்பட்டிப் பக்கம் இது ஒன்றும் அதிசயம் இல்லை. என் வகுப்பில் மட்டும் ஒரு பாண்டியம்மாள், ஒரு பாண்டீஸ்வரி, இரண்டு பாண்டிச்செல்வி, பையன்கள் பக்கம் ராஜபாண்டி, செல்லப்பாண்டி, வெறும் பாண்டி. "ஏ பாண்டி" என்று வாத்தியார் கூப்பிட்டால் ஏழு பேர் எழுந்து நிற்போம். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது ஒருவரைக் கேவலப்படுத்த முடியும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் சிரித்திருப்போம். அது காவல்தெய்வத்தின் பேர். அதைச் சொல்லிக்கொண்டு சுடுகாட்டுப் பாதையில்கூட நடந்து போவோம்.

கல்யாணம் முடிந்து இங்கே வந்தேன். என் கணவர் கணேசன் பஜாரில் சரக்கு ஆட்டோ ஓட்டுகிறார். வந்த முதல் மாதமே இந்த ஊருக்குப் பெயர் என்பது வேறு சங்கதி என்று தெரிந்துவிட்டது. எந்த விண்ணப்பப் பாரத்தை எடுத்தாலும் "வீட்டுப்பேர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆளுக்குப் பெயர் இருப்பதுபோல வீட்டுக்கும் பரம்பரையாக ஒரு பெயர் இருக்க வேண்டும். நமக்கு ஏது? அப்பா பெயரின் முதல் எழுத்து, அதோடு சரி. கட்டத்தைக் காலியாக விட்டால் கவுண்டரில் இருப்பவர்கள் பாரத்தைத் திருப்பித் தள்ளினார்கள். சரி என்று கணேசன் தன் சொந்த ஊரின் பெயரை எழுதினார். அது பட்டி என்று முடிகிற ஊர். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். கவுண்டருக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். "ஏன்டி சிரிக்கிறானுக?" என்று கணேசன் என்னைக் கேட்டார். எனக்கும் அப்போது தெரியாது. தெரிந்த பிறகு, நம் ஜில்லாவில் உள்ள அத்தனை பட்டியையும் நினைத்துக்கொண்டு எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த வருடம் மகள் பிறந்தாள். கயல் என்று பெயர் வைத்தோம். கயல் என்றால் மீன், மீன்விழி மீனாட்சியின் நினைவாக. இங்கே அதைக் கேட்டவர்கள் எல்லோரும் "காயலோ?" என்றார்கள். காயல் என்றால் கடலை ஒட்டிக் கிடக்கிற உப்பங்கழி. மீனைப் பெயராக வைத்தால் தண்ணீரைப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். அதுகூடப் போகட்டும், அழகாகத்தான் இருந்தது. அவள் பிறப்பைப் பதிவு செய்யப் போன இடத்தில்தான் எனக்கு நடந்தது நடந்தது.

எந்த அலுவலகம் என்பது இங்கே தேவையில்லை. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு அம்மாள் இருந்தார். நெற்றியில் சந்தனம், வெளுத்த பருத்திச் சேலை, பேச்சில் ஒரு இழைவு. மேசைமேல் ஓமனா என்று பெயர்ப்பலகை இருந்ததாம், எனக்கு அந்த எழுத்து படிக்கத் தெரியாது, பின்னால் கணேசன் விசாரித்துச் சொன்னார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் தாயின் பெயரை யாரோ மலையாளத்தில், நடுவில் இடம் விட்டு "பாண்டி செல்வி" என்று எழுதியிருந்தார்கள். அந்த அம்மாள் அதைப் படித்தார். முகம் சுருங்கியது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கைக்குழந்தையோடு, எண்ணெய் வழிகிற தலையோடு, நைந்த சேலையில் நின்றுகொண்டிருந்தேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு சொல்லின்மேல் கோடு போட்டுவிட்டு, என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"இங்ஙனயொக்கெ எழுதி விடாமோ? ஞான் அது வெட்டிக்களஞ்ஞு, கேட்டோ மோளே."

எனக்கு அதில் "மோளே" மட்டும் புரிந்தது. மகளே என்கிறார். இந்த ஊரில் அதுவரை யாரும் என்னை மகளே என்று கூப்பிட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ரொம்ப தேங்க்ஸ் மேடம்" என்றேன். கையெடுத்துக் கும்பிடவும் செய்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கயல் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது அவளுடைய புத்தகத்தை வைத்துக்கொண்டு நானும் மலையாள எழுத்துப் படித்தேன். அவள் பள்ளிக்குப் போன பிறகு நான் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பேன். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்ததும், வீட்டில் இருக்கிற காகிதங்களை எல்லாம் எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். கயலின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்துக்கு வந்தேன். செல்வி என்று மட்டும் இருந்தது. முன்னால் பின்னால் தேடினேன். பாண்டியைக் காணவில்லை. அப்புறம்தான், ஆறு வருடமாக அர்த்தம் தெரியாமல் காதில் கிடந்த அந்த வாக்கியம் ஒவ்வொரு சொல்லாகப் புரிய ஆரம்பித்தது. இப்படியெல்லாமா எழுதி அனுப்புவார்கள், நான் அதை வெட்டிப் போட்டுவிட்டேன், சரியா மகளே. ஆஸ்பத்திரியில் யாரோ திமிர் பிடித்தவர்கள் என்னைக் கேவலமாக "பாண்டிச்சி செல்வி" என்கிற அர்த்தத்தில் எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் நினைத்திருக்கிறார். எனக்கு வந்த வசவைத் துடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு என் பெயரை வெட்டியிருக்கிறார். வெட்டினவருக்கு நான் நன்றியும் சொல்லியிருக்கிறேன்.

அந்தச் சான்றிதழைப் பார்த்து ரேஷன் கார்டு, ரேஷன் கார்டைப் பார்த்து ஆதார் என்று எல்லாவற்றிலும் நான் அதற்குள் செல்வியாகியிருந்தேன். கணேசனிடம் சொன்னேன். "விடு பிள்ளை, என்ன கெட்டுப்போச்சு? கூப்பிடறதுக்குச் சுருக்கமா இருக்குல்ல" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

என்ன கெட்டுப்போனது என்பது அம்மா இறந்தபோது தெரிந்தது. வாரிசுச் சான்றிதழுக்காக உசிலம்பட்டிக்குப் போயிருந்தேன். கணினி முன்னால் இருந்தவர் நம் ஆள், நம் பேச்சு. என் ஆதாரை வாங்கிப் பார்த்துவிட்டு, "செல்வி சரிம்மா, பேரு என்ன?" என்றார்.

"அதான் சார் பேரு."

"ஏம்மா, புருஷன் பேரு இங்க போட்டிருக்கு. கல்யாணம் ஆனவங்களுக்கு செல்வி எப்படிப் போடறது? திருமதின்னுதான போடணும். பேரச் சொல்லுங்க."

"சார், அதுல பாதியக் காணோம். முழுப்பேரு பாண்டிச்செல்வி."

"கார்டுல இல்லாததை நான் எப்படிம்மா அடிக்கிறது?"

அவர் அடித்துக் கொடுத்த முதல் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. "திருமதி", அதற்குப் பிறகு கொஞ்சம் வெற்றிடம், அதற்குப் பிறகு "க/பெ கணேசன்." கொச்சியில் என் பெயரின் முன்பாதியை வசவு என்று எடுத்தார்கள். என் சொந்த ஊரில் பின்பாதியை மரியாதைச் சொல் என்று எடுத்தார்கள். பெற்ற தாய்க்கு வாரிசு என்று எழுத வேண்டிய இடத்தில் நான் இல்லாமல் போனேன். அப்புறம் கெஞ்சிக் கூத்தாடித் திருத்தி வாங்கினோம் என்பது வேறு விஷயம். திரும்பி வருகிற ரயிலில் ஆலுவா தாண்டும் வரைக்கும் நான் யோசித்தது ஒன்றைத்தான். அந்த அம்மாளின் கையாலேயே அதை எழுத வைக்க வேண்டும். கோடு போட்ட அதே கையால்.

இதைப் படிக்கிறவர்களில் சிலர், பாவம் நல்ல மனசோடு செய்தவர்தானே என்று சொல்வீர்கள். சொல்லுங்கள். உங்கள் பெயர் உங்களிடம் முழுசாக இருக்கிறது.

படித்த படிப்பும் டைப்ரைட்டிங்கும் கையில் இருந்ததால், ரீத்தா சேச்சி நடத்துகிற கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜெராக்ஸ், விண்ணப்பம் நிரப்புவது, இணையத்தில் பதிவு செய்வது, எல்லாம் உண்டு. எட்டு வருடமாக ஊர்ப் பெயர்கள் எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகின்றன. மட்டாஞ்சேரியில் பெயரை அடிக்க உட்கார்ந்தால் பொழுது போவதே தெரியாது. கொங்கணிக்காரர்கள் வருவார்கள், பெயரோடு ஒரு ஷெணாயோ கினியோ ஒட்டியிருக்கும். குஜராத்தி சேட்டுகளின் பெயரில் அப்பா பெயர் நடுவில் உட்கார்ந்திருக்கும். ரீத்தா சேச்சி வீட்டில் மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் என்பது சட்டம், அதனால் ஒரே வீட்டில் மூன்று அந்தோணி. அப்பா பெயரில் ஒரு எழுத்து, அம்மா பெயரில் ஒரு எழுத்து எடுத்துப் புதிதாகப் பெயர் செய்கிறவர்களும் உண்டு. ஷிஜு, பிஜு, ஜிஜி, லிஜோ. என்ன அர்த்தம் என்று கேட்டால் "அர்த்தமொன்னுமில்லா, பேரா" என்று சிரிப்பார்கள். அர்த்தமே இல்லாத பெயருக்கு இங்கே யாதொரு ஆபத்தும் இல்லை. தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு வந்த எனக்குத்தான் ஆபத்து.

கடையில் அதிகமாக வருகிற வேலை "ஒன் அண்ட் சேம்" சான்றிதழ். ஒரு காகிதத்தில் ஒரு பெயர், இன்னொரு காகிதத்தில் வேறு பெயர் என்று இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று வில்லேஜ் ஆபீஸில் எழுதி வாங்க வேண்டும். அதற்கு விண்ணப்பிக்க ஊரில் பாதிப் பேர் எங்களிடம்தான் வருவார்கள். என்றைக்காவது அந்த ஓமனா அம்மாளும் வருவார் என்று ஒவ்வொரு நாளும் கதவைப் பார்த்துக்கொண்டுதான் அடித்துக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் வந்தார். ரிட்டயர் ஆகி, தலை நரைத்து, முட்டி வலியோடு வந்தார். எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவருக்கு என்னைத் தெரியவில்லை. மகன் மஸ்கட்டில் இருக்கிறானாம், போய் இருக்க வேண்டுமாம், பாஸ்போர்ட் எடுக்க வேண்டுமாம். பள்ளிச் சான்றிதழில் ஓமனக்குட்டியம்மா, ஆதாரில் ஓமனா ராஜன். ஓமன என்றால் செல்லம், கொஞ்சுகிற குழந்தை. கொஞ்சிக் கொஞ்சி வைத்த பெயர். எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைத் திட்ட முடியாது. ஓமனா ஓமனுக்குப் போவதற்கு நான் காகிதம் தயார் செய்ய வேண்டும்.

"மோளே, இது இன்னு கிட்டுமோ?"

"சர்வர் டவுணாணு சேச்சி. நாளை வரூ" என்றேன். சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வந்தார். வீட்டுப்பேரில் ஓர் எழுத்து தெளிவாக இல்லை, மூலப் பிரதி வேண்டும் என்றேன். மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டு மூலப் பிரதியோடு வந்தார். புகைப்படத்தின் பின்புறம் வெள்ளையாக இல்லை என்று திருப்பி அனுப்பினேன். "எந்தா செல்வி, பாவத்தினெ இட்டு ஓடிக்குந்நது?" என்று ரீத்தா சேச்சி அதட்டினார். ஏன் பாவத்தைப் போட்டு அலைக்கழிக்கிறாய் என்று. அலையட்டும் என்று நினைத்தேன். எனக்கு அது இனித்தது, பொய் சொல்ல மாட்டேன்.

நான்காம் நாள் அவரை உட்காரச் சொல்லி, கயலின் பிறப்புச் சான்றிதழை எடுத்து முன்னால் வைத்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் மலையாளத்திலேயே சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஞான் நல்லது கருதியல்லே மோளே செய்தது? அதொரு சீத்த வாக்கல்லே?"

"உங்களுக்குத்தான் அது கெட்ட வார்த்தை" என்று என்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, மறுபடி மலையாளத்தில் சொன்னேன். "ஞங்ஙளுடெ தெய்வத்தின்றெ பேராணு சேச்சி."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சான்றிதழை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "எனிக்கறியில்லாயிருந்நு" என்றார். தெரியாமல் போய்விட்டது என்று. மன்னிப்புப் போலத்தான் சொன்னார். அந்த மன்னிப்பை வைத்து நான் என்ன செய்வது? கயல் பத்தாம் வகுப்பு வந்துவிட்டாள். அவளுடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் தாயின் பெயர் என்று அச்சாவது இந்த வருடம். அச்சாகிவிட்டால் அவள் ஆயுசு முழுக்க எங்கே போனாலும் செல்வி மகள். அதற்குள் பிறப்புச் சான்றிதழைத் திருத்த வேண்டும். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைக் காணோம் என்று சொல்லிவிட்டார்கள். விவரம் அறிந்த இரண்டு பேர் எழுதித் தர வேண்டும். என்னைவிட விவரம் அறிந்தவர் அவர்தான். வெள்ளைத்தாளையும் பேனாவையும் நகர்த்தினேன்.

எழுதினார். அன்று ஜன்னலில் இருந்தவர் தான் என்றும், தாயின் பெயரில் ஒரு பகுதியைத் தவறாகப் புரிந்துகொண்டு நீக்கியதாகவும் எழுதினார். என் பெயர் வந்த இடத்தில் பழக்கதோஷத்தில் "பாண்டி செல்வி" என்று நடுவில் இடம் விட்டு எழுதினார்.

"சேர்த்து எழுதணும் சேச்சி."

தாளைக் கசக்கிவிட்டு இன்னொன்று எடுத்தார். இரண்டாவது தடவையும் ஒரு நூல் அளவு இடம் இருந்தது. வேறு யாராவது பார்த்தால் அது இடமே இல்லை என்பார்கள். மறுபடி எழுதச் சொன்னேன். மூன்றாவது தடவை பேனாவை இறுக்கிப் பிடித்து மெதுவாக எழுதினார். எழுத்துகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஐந்தே நிமிடத்தில் அவருடைய விண்ணப்பத்தைப் பதிவு செய்து ரசீதைக் கொடுத்தேன். குடையை எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கிப் போனதைப் பார்த்தபோது பத்து வருடச் சுமை இறங்கினாற்போல இருந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் கரிமீன் வாங்கிக்கொண்டு போனேன்.

திருத்திய சான்றிதழ் இரண்டு மாதத்தில் வந்தது. பாண்டிச்செல்வி, சேர்த்து, முழுசாக. கயலிடம் கொடுத்துப் பள்ளியில் கொடுக்கச் சொன்னேன். அவள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அம்மா, செல்வி போதும்மா. கிளாஸ்ல லிஸ்ட உரக்க வாயிப்பாங்க. எல்லாரும் களியாக்கிச் சிரிப்பாங்க. எனக்கு நாணக்கேடா இருக்கு."

"நாணக்கேடா? யாரு பேருடி அது? உங்க அம்மா பேரு. கொண்டுபோய்க் கொடு."

அவள் எதிர்த்துப் பேசவில்லை. புத்தகப் பையில் வைத்துக்கொண்டு போனாள். இங்கேயே பிறந்த பெண். மலையாளத்தில் கவிதை எழுதிப் பரிசு வாங்குகிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. நான் அடித்தாவது சொல்லிக் கொடுத்திருக்கலாம். மலையாளம் படிக்கிற மும்முரத்தில் விட்டுவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை விவரம் சரிபார்த்துக் கையெழுத்துப் போடப் பெற்றோரைப் பள்ளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சர் தாளை என் பக்கம் திருப்பி, "அம்மயுடெ பேரு செல்வி. எல்லாம் சரியல்லே?" என்றார். குனிந்து பார்த்தேன். செல்வி என்றுதான் இருந்தது. கயல் டீச்சரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சான்றிதழை அவள் கொடுக்கவே இல்லை. திருத்திய சான்றிதழின் நகல் ஒன்று என் கைப்பையில் எப்போதும் இருக்கும். எடுத்து மேசைமேல் வைத்தால் போதும், இப்போதே மாற்றிவிடுவார்கள். நாளைக்கு வகுப்பில் அதை உரக்க வாசிப்பார்கள். ஓமனாவை மூன்று நாள் மழையில் அலைய வைத்தேன், மூன்று தடவை எழுத வைத்தேன். இவளை என்ன செய்வது? இவளும்தான் வெட்டியிருக்கிறாள். இவள் அர்த்தம் தெரிந்தே வெட்டியிருக்கிறாள். அந்த அம்மாள்மேல் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. கைப்பையைத் திறந்தேன், மூடினேன்.

"சரியாணு டீச்சரே" என்றேன்.

கையெழுத்துப் போடுகிற இடத்தைக் காட்டினார். பேனாவை வாங்கி, தமிழில், பெரிதாக, நடுவில் இடமே விடாமல் பாண்டிச்செல்வி என்று எழுதினேன். அந்தக் கோபத்தையெல்லாம் அழுத்தி எழுதினதில் தாளின் பின்பக்கம் தடம் விழுந்தது. "ஓ, தமிழிலாணோ? குழப்பமில்லா" என்று டீச்சர் தாளை வாங்கி அடுக்கில் வைத்தார்.

மாடிப்படி இறங்கும்போது கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா எழுதுன?" என்று கேட்டாள்.

"செல்வின்னுதான்" என்றேன்.

அவள் நம்பினாள். அந்தத் தாளில் மேலே மலையாளத்தில் ஒருத்தி இருக்கிறாள், கீழே தமிழில் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேரையும் படிக்கத் தெரிந்தவள் அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான்.